அங்கே தாள் துணியாகிறது, இங்கே துணி தாளாகிறது

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலோ திருமண அழைப்பிதழ் அச்சடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் அனுபவம் நிச்சயம் கிடைத்திருக்கும். கடைக்காரர் பத்து, இருபது மாதிரிகளை மேசையில் பரப்புவார். பளபளப்பான அட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும். அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல் நேராக இருக்காது. தடவிப் பார்த்தால் நார் தட்டுப்படும். சில தாள்களில் உலர்ந்த பூவிதழ்கூட ஒட்டியிருக்கும். "இது கையால் செய்த தாள், கொஞ்சம் விலை கூட" என்பார் கடைக்காரர். பெண்ணின் தாயார் அதை எடுத்துப் பார்ப்பார், விலையைக் கேட்பார், பிறகு பளபளப்பான அட்டைக்கே திரும்பிவிடுவார்.

அழைப்பிதழில் முகூர்த்த நேரத்தைப் பார்க்கிறோம், மண்டபத்தின் முகவரியைப் பார்க்கிறோம். தாளை யார் பார்க்கிறார்கள்? ஆனால் இதே தாளை உடையாகத் தைத்து மேடையில் அணிந்து நடக்கிறார்கள் ஒரு நாட்டில். பல கோடிக்கு விற்கும் ஓவியங்களை அதில் படைக்கிறார்கள். அந்த நாடு கொரியா. அந்தத் தாளின் பெயர் ஹன்ஜி.

மேருவிலும் காப்பாரிலும் இன்று வீட்டுக்கு வீடு கொரிய நாடகங்கள் ஓடுகின்றன. அவற்றில் வரும் அரண்மனைக் காட்சிகளைக் கூர்ந்து கவனித்தவர்களுக்குத் தெரியும், அந்த வீடுகளின் சன்னல்களில் கண்ணாடி இருக்காது. மரச் சட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே நிழல் தெரியும். அந்தத் தாள்தான் ஹன்ஜி. அதன் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பெயரிலேயே ஒரு வரலாறு

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். "காகிதம்" தமிழ்ச் சொல் அல்ல. பாரசீகத்தின் "காகஸ்" வழியாக வந்தது. "கடுதாசி" போர்த்துகீசியரோடு வந்த சொல். மலாய் மொழியின் "கெர்தாஸ்" அரபு மொழியின் "கிர்தாஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக, பொருள் எந்தக் கப்பலில் வந்ததோ பெயரும் அதே கப்பலில் வந்திருக்கிறது. "தாள்" மட்டுமே நம்முடையது. நெற்பயிரின் தண்டுக்குத் தாள் என்று பெயர். செடியின் தண்டைக் குறிக்கும் சொல்லால் எழுதும் பொருளையும் குறித்தது எவ்வளவு பொருத்தம்! ஏனென்றால் தாள் என்பதே செடியின் நார்தான். நாரைத் தண்ணீரில் பிரித்து, மறுபடியும் ஒன்றாகப் படிய வைத்தால் தாள்.

அந்த வித்தையைச் சீனாவில் ஒழுங்குபடுத்தியவர் காய் லுன் என்ற அரண்மனை அதிகாரி, ஆண்டு கி.பி. 105 என்று சீன வரலாறு கூறுகிறது. சீனாவிலிருந்து அது கொரியாவுக்குப் போனது. கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. 610ஆம் ஆண்டில் டாம்ஜிங் என்ற கொரிய பௌத்தத் துறவி தாளும் மையும் செய்யத் தெரிந்தவராக ஜப்பானுக்கு வந்தார் என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது.

பனிக்காலத்தில் பிறக்கும் தாள்

ஹன்ஜி செய்யும் மரத்தைக் கொரியர்கள் "டாக்" என்பார்கள். பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு முக்கியமான செய்தி, இந்தத் தாளுக்காக மரத்தை அடியோடு வெட்டுவதில்லை. குளிர்காலத்தில் அந்த ஆண்டு வளர்ந்த கிளைகளை மட்டும் கழிப்பார்கள். வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். அடுத்த ஆண்டு மறுபடி அறுவடை.

கிளைகளை ஆவியில் வேக வைத்துப் பட்டையை உரிப்பார்கள். கறுப்பு மேற்பட்டையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நார் கிடைக்கும். பயற்றஞ்செடித் தண்டு, வைக்கோல் போன்றவற்றை எரித்த சாம்பலைக் கரைத்து, அந்தச் சாம்பல் நீரில் நாரைக் கொதிக்க வைப்பார்கள். பிறகு ஓடும் நீரில் அலசி, வெயிலில் வெளுக்க வைத்து, கல்மேல் போட்டு அடித்துக் கூழாக்குவார்கள். ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அடுத்து வருவது நம் வீட்டுப் பெண்களுக்கு எளிதில் புரியும். வெண்டைக்காய் நறுக்கினால் கையில் வழவழவென்று ஒட்டுமே, அதே வழவழப்புத்தான் ஹன்ஜியின் ரகசியம். வெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரை நசுக்கி, அந்தக் கொழகொழப்பான நீரைத் தொட்டியில் கலப்பார்கள். நார் அடியில் போய்த் தங்காமல் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மூங்கில் சல்லடையை ஒரே ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, அந்த நீரை முன்னும் பின்னும், இடமும் வலமும் அள்ளி அள்ளி வழிய விடுவார்கள். நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். பாய் முடைவது போலத்தான், ஆனால் முடைவது தண்ணீர்.

இப்படி எடுத்த ஈரத்தாள்கள் இரண்டைத் தலைமாற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே தாளாக்குவார்கள். அழுத்தி, உலர்த்தி, கடைசியில் தாள்களை அடுக்கி உலக்கை போன்ற மரத்தால் இடிப்பார்கள். மேற்பரப்பு வழுவழுப்பாகும், மை பரவாது. பட்டு ஐந்நூறு ஆண்டு, தாள் ஆயிரம் ஆண்டு என்று கொரியாவில் ஒரு பழமொழி உண்டு. அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. 1966ஆம் ஆண்டில் கியோங்ஜு நகரின் புல்குக்சா ஆலயத்துக் கற்கோபுரத்தைப் பழுது பார்த்தபோது உள்ளே ஒரு தாள்சுருள் கிடைத்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பௌத்த மந்திரம். 6 மீட்டருக்கு மேல் நீளம், ஒரு விரல் நீளமே அகலம். அந்தக் கோபுரம் எழுந்தது 8ஆம் நூற்றாண்டில்.

தேர்வில் தோற்ற தாள், வீரனுக்குக் குளிர் காத்தது

1415ஆம் ஆண்டில் ஜோசன் அரசு தலைநகரில் தாள் செய்வதற்கென்றே ஓர் அரசுப் பட்டறையை அமைத்தது. அதன் பிறகு கொரியரின் வாழ்க்கையில் தாள் நுழையாத இடமே இல்லை. சன்னலுக்குத் தாள். தரைக்கு எண்ணெய் பூசிய தாள். தாளை நீளமாகக் கிழித்துக் கயிறாக முறுக்கிக் கூடை பின்னினார்கள். கூழாக்கிக் கிண்ணம் செய்தார்கள். அடுக்கடுக்காக ஒட்டிக் கவசம் செய்தார்கள்.

உடைக்கும் தாளுக்கும் உள்ள உறவு அப்போதே தொடங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கான தேர்வில் தோற்றவர்களின் விடைத்தாள்களை அவர்கள் வீசி எறியவில்லை. வடக்கு எல்லையில் உறைபனியில் காவல் நிற்கும் வீரர்களின் உடைக்குள் திணிப்பதற்கு அனுப்பினார்கள். எவனோ ஒரு மாணவன் இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, எழுதி, தோற்றுப்போன தாள், முகம் தெரியாத ஒரு வீரனின் நெஞ்சுக்குச் சூடு கொடுத்தது. இன்று மேடையில் நடக்கும் ஹன்ஜி நாகரிக உடைகளின் மூத்த அக்காள் அந்தக் குளிர்ச்சட்டை.

ஆனால் இந்தக் கதையில் கண்ணீரும் உண்டு. அரசுக்கும், சீனப் பேரரசுக்குக் கட்டிய கப்பத்துக்கும் தாள் தேவைப்பட்டது. அந்தச் சுமை பௌத்த மடங்களின் தலையில் விழுந்தது. தாள் செய்தே ஓய்ந்துபோன துறவிகள் மடத்தை விட்டே ஓடிய செய்திகள் உண்டு. அழகான பொருள் என்றால் அதைச் செய்தவன் மகிழ்ச்சியாகச் செய்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

தாளுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 1592இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்தது. ஜோசன் அரச வரலாற்றுக் குறிப்புகளின் படிகள் நான்கு இடங்களில் இருந்தன. மூன்று எரிந்து போயின. ஜியோன்ஜு நகரில் இருந்த படியை மட்டும் அன் உய், சோன் ஹோங் ரோக் என்ற இரு உள்ளூர்ப் படிப்பாளிகள் மலைக்குச் சுமந்து சென்று காத்தார்கள். அந்தக் குறிப்புகளை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இரண்டு மனிதர்கள் சுமக்காமல் இருந்திருந்தால் சேர்ப்பதற்கு முழுமையாக ஒன்றும் இருந்திருக்காது.

அதே மரம், நம் பக்கத்து வீட்டில்

இந்த மரம் கொரியாவோடு நின்றுவிடவில்லை. இதன் நெருங்கிய இனத்தைத்தான் ஜாவாவில் "டலுவாங்" செய்யப் பயன்படுத்தினார்கள். அங்கே நாரைக் கூழாக்காமல், பட்டையையே அடித்து அகலமாக்கி எழுதும் ஏடு ஆக்கினார்கள். மேரு வட்டாரத்தில் ஜாவா வம்சாவளி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோரின் ஏடும் கொரிய அரண்மனைச் சன்னலும் ஒரே மரத்தின் உறவினர் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

பசிபிக் தீவுகளில் இதே மரத்தின் பட்டையை அடித்து "தாப்பா" என்னும் உடை செய்தார்கள். அங்கே வளரும் மரங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அதன் மூலம் தைவான் என்று 2015இல் வெளியிட்டார்கள். தோணியில் புறப்பட்ட மக்கள் சோற்றுக்கு விதை எடுத்ததைப் போல உடைக்கு மரக்கன்றையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆக, "தாளில் உடையா?" என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மரம் உடையாக இருந்தது, ஏடாக இருந்தது, இப்போது மறுபடியும் உடையாகிறது.

பொறையாற்றில் ஒரு கடுதாசிப் பட்டறை

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழனுக்குப் பனை ஓலை இருந்தது. எழுத்தாணி இருந்தது. அதனால் தாளின் தேவையே எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் உ.வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராக அலைந்து தேடியது ஓலைச் சுவடிகளைத்தான். சீவக சிந்தாமணியை அவர் அச்சில் கொண்டுவந்தது 1887இல்.

தமிழ்நாட்டில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தது அச்சகத்தோடுதான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சிட ஆசைப்பட்டார். ஐரோப்பாவில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவை பெரியவை. நாலு வரி அடிப்பதற்குள் பக்கம் முடிந்துவிடும். தாளோ கடல் கடந்து வர வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது.

அதே காலத்தில் பக்கத்து ஊரான பொறையாற்றில் ஒரு தாள் ஆலையையும் தொடங்கினார்கள். கடல் கடந்து வரும் தாளுக்குக் காத்திருக்காமல் சொந்த மண்ணிலேயே செய்துகொள்ளும் முயற்சி அது. ஆலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் "கடுதாசிப் பட்டறை" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பட்டறை போய்விட்டது, பெயர் இருக்கிறது. கைத்தொழில்கள் பலவற்றுக்கும் கடைசியில் மிஞ்சுவது இதுதான், ஊரின் பெயரில் ஒரு நினைவு.

தஞ்சாவூர்க்காரர் கேட்ட கேள்வி

இருநூறு ஆண்டுகள் கழித்து, கைத்தாளுக்காக வாதாட இன்னொரு தமிழர் வந்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். கோட்டும் டையுமாக இருந்தவர் 1929இல் காந்தியைச் சந்தித்த பின் கதருக்கு மாறினார். 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்பு, வெல்லம் ஆகியவற்றோடு கைத்தாளும் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தது.

அப்போது வடநாட்டில் கைத்தாள் தொழில் சாகும் நிலையில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் சமர்க்கண்டிலிருந்து காஷ்மீருக்குக் கொண்டுவந்த தொழில் அது. "காகஸி" என்று தொழிலையே குடும்பப் பெயராகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் ராஜஸ்தானின் சங்கானேர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். ஆலைத் தாள் வந்ததும் அவர்களுடைய தொட்டிகள் வறண்டன.

குமரப்பா கேட்ட கேள்வி எளிமையானது. பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும், அவற்றை நம்பிய பொருளாதாரம் சண்டையில்தான் முடியும். ஆண்டுதோறும் துளிர்ப்பதை எடுத்து வாழும் பொருளாதாரம் நிலைக்கும். இதில் எது வேண்டும்? இதைச் சிறையில் இருந்தபடியே நூலாக எழுதினார். 1945இல் வெளிவந்த அந்த நூலின் மையக் கருத்தே நிலைத்த பொருளாதாரம்தான்.

கிளையை மட்டும் கழித்து மரத்தை வாழ விடும் கொரியக் குடியானவன் குமரப்பாவைப் படித்தவன் அல்ல. ஆனால் குமரப்பா சொன்னதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான். குமரப்பா கடைசிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில் மறைந்தார். சங்கானேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சாவூர்த் தமிழரின் பெயர் ராஜஸ்தானில் வாழ்கிறது. தமிழர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பனியன் துண்டு அழைப்பிதழான கதை

1959இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் ஒரு கைத்தாள் பட்டறையைத் தொடங்கியது. தமிழ் மண்ணில் கைத்தாளுக்கு நிலையான ஒரு முகவரி கிடைத்தது அப்போதுதான். பொறையாற்றிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

இங்கே மரப்பட்டை இல்லை, பருத்திதான் மூலப்பொருள். இந்தியக் கைத்தாள் பட்டறைகளுக்குப் போகும் பருத்தியில் திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. துண்டுகளைத் தரம் பிரித்து, பொடியாக வெட்டி, தண்ணீரில் அரைத்துக் கூழாக்குவார்கள். சல்லடைச் சட்டத்தால் அள்ளி, துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, கொடியில் உலர்த்துவார்கள். தண்ணீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டு அதன்மேல் தாளை வைத்து எடுத்தால் பளிங்குக் கல் போன்ற கோலம் பதியும். ஒரு தாளில் விழுந்த கோலம் இன்னொன்றில் விழாது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொரியாவில் தாள் துணியாகிறது. தமிழ்நாட்டில் துணி தாளாகிறது. கிள்ளானில் மணப்பெண்ணின் தாயார் தடவிப் பார்த்து வைத்துவிட்டாரே, அந்த அழைப்பிதழ் ஒரு காலத்தில் யாருடைய பனியனிலோ சேர வேண்டிய பருத்தியாக இருந்திருக்கலாம்!

கண்ணாடி வந்தது, தாள் போனது

ஹன்ஜிக்கும் கெட்ட காலம் வந்தது. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. பிறகு போர். 1970இல் தொடங்கிய புதுக் கிராம இயக்கத்தில் கூரை வீடுகள் மாறின. சன்னலில் கண்ணாடி ஏறியது. பள்ளிக்கு ஆலைத் தாள் வந்தது. சன்னலுக்கும் தரைக்கும் புத்தகத்துக்கும் வேண்டாத தாளை யார் வாங்குவார்கள்? பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

அந்த நேரத்தில் கை கொடுத்தவர்கள் ஓவியர்கள். குவோன் யங் வூ 1960களிலேயே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஹன்ஜியைக் கிழித்தும் துளைத்தும் ஒட்டியும் படைத்தார். சுங் சாங் சுப் டாக் நாரையே கையால் பரப்பி ஓவியமாக்கினார். 2023இல் மறைந்த பார்க் சியோ போ, ஈர ஹன்ஜியை அடுக்கி, உழுத வயலின் சால் போலக் கோடுகளை எழுப்பினார். இவர்களுக்குத் தாள் என்பது படம் வரையும் இடம் அல்ல, தாளே படம்.

சுன் குவாங் யங் என்பவரின் கதை நம் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவயதில் உறவினர் ஒருவரின் மூலிகை மருந்துக் கடையில், தாளில் மடித்த மருந்துப் பொட்டலங்கள் கூரையிலிருந்து தொங்குவதைப் பார்த்தவர். கிள்ளானில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சுக்கும் திப்பிலியும் பொட்டலமாக வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். 1990களின் நடுவில் அந்த நினைவு அவருக்குக் கலையானது. பழைய புத்தகங்களின் ஹன்ஜித் தாள்களைக் கிழித்து, சின்னச் சின்ன முக்கோணங்களைப் பொட்டலம் போல மடித்துக் கட்டி, ஆயிரக்கணக்கில் அடுக்குகிறார். தூரத்தில் பார்த்தால் நிலவின் தரை போல இருக்கும். கிட்டப் போனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் யாரோ படித்த எழுத்துகள். 2022இல் வெனிஸ் கலைவிழாவையொட்டி அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தன.

இந்தியாவிலும் இதற்கு இணை உண்டு. வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்ட சோம்நாத் ஹோர், 1970களில் "காயங்கள்" என்ற வரிசையைத் தாள் கூழில் படைத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே சில கீறல்கள், சில வடுக்கள். ரத்தத்தைச் சிவப்பில் காட்டுவதைவிட அந்த வெள்ளை அதிகம் வலிக்கும்.

மேடையில் நடந்த தாள்

ஓவியத்துக்கு அடுத்து உடை. இதில் இரண்டு வழிகள். ஒன்று பழையது, "ஜும்சி" என்பார்கள். ஹன்ஜித் தாள்களை ஈரமாக்கிக் கசக்கி, பிசைந்து, மறுபடி விரித்து, மறுபடி பிசைந்தால் நார்கள் ஒன்றோடொன்று இறுகித் தோல் போலாகிவிடும். அதில் பையும் உடையும் தைக்கலாம். இன்னொன்று புதியது. தாளை மெல்லிய நாடாவாக அறுத்து முறுக்கினால் நூல் கிடைக்கும். அதைப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்து நெய்கிறார்கள். காலுறை, சட்டை, ஜீன்ஸ் என்று கடைக்கு வந்துவிட்டது. எடை குறைவு, வியர்வையை உறிஞ்சும்.

ஜியோன்ஜு, வோன்ஜு நகரங்கள் 1990களின் கடைசியிலிருந்து ஹன்ஜித் திருவிழா நடத்துகின்றன. அதில் ஹன்ஜி உடை அலங்காரக் காட்சி கூட்டத்தை இழுக்கிறது. 2005இல் ஹன்ஜி செய்யும் கலையைக் கொரிய அரசு தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. 2016இல் இத்தாலியின் நூல், ஆவணப் பாதுகாப்பு நிறுவனம் பழைய ஏடுகளைச் செப்பனிடத் தகுந்த தாள் என்று ஹன்ஜிக்குச் சான்று கொடுத்தது. 2017இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் ஒரு பழைய மேசையைச் சீராக்க ஹன்ஜியைப் பயன்படுத்தியது. சீனத் தாள் 2009இலும் ஜப்பானியத் தாள் 2014இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டன. கொரியா தன் ஹன்ஜியை 2024இல் முன்மொழிந்தது.

கைதட்டலுக்குப் பிறகு

எல்லாம் நல்ல முடிவுதான் போலத் தெரிகிறது. ஆனால் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டாக வேண்டும். மேடையில் உடையணிந்து நடந்த பெண்ணுக்குக் கைதட்டல். உடையை வடிவமைத்தவருக்குப் பெயர். ஓவியத்தை விற்றவருக்குப் பணம். பனிக்காலத்தில் உறைந்த தண்ணீரில் கைவிட்டு, கறுப்புத் துணுக்கைப் பொறுக்கிய அம்மாளுக்கு என்ன கிடைத்தது?

கொரியாவில் இன்று பாரம்பரிய முறையில் ஹன்ஜி செய்யும் பட்டறைகள் மிகக் குறைவு. செய்கிறவர்களில் பலர் முதியவர்கள். ஹன்ஜி என்ற பெயரில் விற்பதில் வெளிநாட்டு நாரில் செய்ததும் உண்டு, இயந்திரம் செய்ததும் உண்டு. பெயர் வளர்கிறது, கை குறைகிறது. தாள் வேண்டும், தாள் செய்கிறவன் மகன் மட்டும் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் கலை எத்தனை நாள் நிற்கும்? பொறையாற்றில் நடந்தது அங்கேயும் நடக்கலாம், பட்டறை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சலாம்.

மகனைக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. மடத்தை விட்டு ஓடிய துறவிகளை நினைத்துப் பாருங்கள். கஷ்டம் மட்டுமே கூலியாக இருந்தால் எந்தப் பிள்ளையும் அப்பன் தொழிலுக்கு வரமாட்டான். கலையைக் காப்பாற்றுவது என்றால் முதலில் கலைஞனுக்குச் சோறு போடுவது. குமரப்பா கிராமத் தொழிலைப் பற்றிப் பேசியபோதெல்லாம் கூலியைப் பற்றியும் சேர்த்தே பேசியதன் காரணம் அதுதான்.

இது மேருவில் வாழும் நமக்கு அந்நியமான கதையா? நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் தோட்டத்தில் என்ன செய்தார்கள்? மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் நுணுக்கமாகச் சீவினார்கள். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, தாள் தாளாக எடுத்துப் புகை வீட்டில் உலர்த்தினார்கள். எவ்வளவு ஆழத்தில் கத்தி போனால் மரம் காயப்படும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் இடிந்தது, செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்தன. பல இடங்களில் சாலையின் பெயரில் மட்டும் தோட்டம் வாழ்கிறது.

செம்பனைக் குலையிலிருந்து பழத்தை எடுத்த பின் மிஞ்சும் வெற்றுக்குலை நாரிலும் தாள் செய்ய முடியும் என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சல்லடையும் பழைய துணியும் இருந்தால் போதும், ஒரு சனிக்கிழமை காலையில் தாள் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். தான் செய்த தாளில் எழுதிய பிள்ளை அதைக் கசக்கி எறியாது.

அடுத்த முறை அழைப்பிதழ்க் கடையில் அந்த நார்த்தாள் கைக்கு வரும்போது விலையைக் கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டுப் பார்க்கலாம். "இதை எந்த ஊரில் செய்தார்கள், யார் செய்தார்கள்?" கடைக்காரருக்கு ஒருவேளை பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் விசாரித்து வைப்பார். அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கும்வரை, அந்தத் தொட்டியில் தண்ணீர் வற்றாது.